பந்தி போட்டால் பாக்டீரியா வரும்

ஒரு பிடி வைக்கோல், ஒரு கண்ணாடி பாட்டில், கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர். முதலீடு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ராத்திரித் தூக்கத்தை முழுசாகத் தொலைக்கலாம், அதுவும் சந்தோஷமாக. சீரியல் வேண்டாம், ரீல்ஸ் வேண்டாம். ஒரே துளித் தண்ணீரில் ஆயிரக்கணக்கான உயிர்கள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்துகொண்டிருக்கும்போது வேறெதைப் பார்க்க மனசு வரும்?

"வீட்டில் பாக்டீரியா வளர்க்கிறேன்" என்று சொன்னால் கேட்பவர்கள் ஓரடி பின்னால் போகிறார்கள். சிலர் என்னிடம் கொடுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டி இருக்கிறது, இட்லி மாவு இருக்கிறது, அடுப்படி மூலையில் நேற்றைய சோறு தண்ணீரில் கிடக்கிறது. அதெல்லாம் என்னவாம்? தலைமுறை தலைமுறையாகப் பாக்டீரியா வளர்க்கிற ஆட்கள் நாம். கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான் குறை.

இந்தப் பொழுதுபோக்கின் சூட்சுமம் ரொம்ப எளிது. யாரையும் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பந்தியைச் சரியாகப் போட்டால் போதும். இலையில் எதைப் பரிமாறுகிறோமோ அதற்கேற்ற கூட்டம் தானாக வந்து உட்காரும். வைக்கோல் கஷாயத்துக்கு ஒரு கூட்டம், பாலுக்கு வேறொன்று, வெளிச்சம் படுகிற நாற்றச் சேற்றுக்கு இன்னொன்று. மண்ணிலும் தண்ணீரிலும் தூசியிலும் எல்லாரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். சாப்பாடு, சூடு, காற்று, வெளிச்சம் நான்கையும் தேர்ந்தெடுப்பது மட்டும் நம் வேலை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செர்கெய் வினோகிராட்ஸ்கியும் மார்டினஸ் பெயரிங்கும் இதை ஒரு முறையான அறிவியல் வழியாகவே ஆக்கினார்கள். வினோகிராட்ஸ்கியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். முதலில் வைக்கோல்.

வைக்கோலைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். வெளிர் தேநீர் நிறத்தில் ஒரு கஷாயம் கிடைக்கும். வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். கொதித்த தண்ணீரில் என்ன பிழைத்திருக்கப் போகிறது என்று தோன்றும். ஓரிரு நாளில் கஷாயம் கலங்கும். அப்புறம் மேலே மெல்லிசாக ஒரு ஏடு படியும். போகப் போக அது சுருங்கி மடிப்பு மடிப்பாகும். அந்த ஏட்டுக்குச் சொந்தக்காரர்தான் பாசில்லஸ் சப்டிலிஸ், வைக்கோல் பாக்டீரியா.

கொதிநீரில் மற்றவர்கள் எல்லாம் செத்துப்போக, இவர் மட்டும் தப்பித்தது எப்படி? இதற்கு விடை சொன்னவர் பிரெஸ்லாவ் நகரத்துத் தாவரவியலாளர் பெர்டினாண்ட் கோன். ஆண்டு 1876. சாப்பாடு தீர்ந்ததும் இந்தப் பாக்டீரியா தன் உடம்புக்குள்ளேயே கெட்டியான ஓடு போட்ட ஒரு வித்தை உருவாக்கிக்கொள்கிறது. கொதிநீர் அதை ஒன்றும் செய்வதில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் பட்ட பாடு இதைவிடச் சுவாரசியம். அவருடைய ஆய்வகத்துக்குள் பழைய வைக்கோல் கட்டு வந்து சேர்ந்ததிலிருந்து, எத்தனை கொதிக்க வைத்தாலும் கஷாயங்கள் கெட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் அவர் இடத்தையே காலி செய்து, கியூ தோட்டத்து ஆய்வகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பிறகுதான், ஒரே மூச்சில் கொதிக்க வைக்காமல், விட்டுவிட்டுப் பல தடவை கொதிக்க வைத்தால் வித்துகள் முளைத்து மாட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். ஒரு கட்டு வைக்கோல் ஒரு பெரிய விஞ்ஞானியை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறது பாருங்கள். ஜப்பான்காரர்களோ இதே பாக்டீரியாவை நெல் வைக்கோலில் சோயா பயறைப் பொதிந்து வைத்து வரவழைத்து, நாட்டோ என்று ரசித்துச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் பாட்டில் கஷாயத்தை வாயில் வைத்துவிடாதீர்கள். அந்தப் பந்தியில் வேண்டாத விருந்தாளிகளும் இருக்கலாம்.

சரி, கஷாயத்தில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்தாயிற்று. மைக்ரோஸ்கோப்பின் 400 மடங்கில் என்ன தெரியும்? குச்சிகள். மெல்லிய, சாம்பல் நிறக் குச்சிகள். ஒவ்வொன்றும் நீளத்தில் இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் குறுக்களவுக்குள் வரிசையாக இருபது முப்பது படுத்துக்கொள்ளும். ஏட்டிலிருந்து எடுத்த துளியில் அவை நீளச் சங்கிலிகளாக, ஒன்றோடொன்று இழைந்து அசையாமல் கிடக்கும். ஏட்டுக்குக் கீழே இருந்து எடுத்த துளிதான் எனக்குப் பிடித்தது. அதில் தனிக் குச்சிகள் நீந்தும். நேராக ஒரு ஓட்டம், சட்டென்று ஒரு புரளல், திசை மாறி மறுபடி ஓட்டம். ஒரு நொடியில் தன் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் போய்விடும். துடுப்பாக இருக்கும் இழைகள் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவுக்கு மெல்லியவை. அந்த இழை சாட்டையாக அடிப்பதில்லை, அடியில் இருக்கும் ஒரு மோட்டாரால் சுழல்கிறது என்பது 1970களில்தான் உறுதியானது. வைக்கோல் கஷாயத்தில் கோடிக்கணக்கில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன! இதைப் பக்கத்து வீட்டில் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

பழைய கஷாயத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. குச்சிக்குள்ளே ஒரு பக்கமாகப் பளிச்சென்று மின்னும் ஒரு முட்டை வடிவம். அதுதான் கோன் பார்த்த வித்து. ஃபோகஸை ஒரு மயிரிழை மேலும் கீழும் திருப்பினால் அது மின்னி மின்னி அணையும். 1876இல் பேப்பரில் எழுதப்பட்ட விஷயம் உங்கள் சாப்பாட்டு மேஜையில் நடக்கும்.

அதே 1876இல் இன்னொரு சம்பவம். வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர், வீட்டிலேயே அமைத்த ஆய்வகத்தில் மாட்டுக் கண்ணின் நீரைக் கண்ணாடிக் குழியில் தொங்கவிட்டு அதில் பாக்டீரியா வளர்த்து, அவை வித்தாக மாறுவதையும் வித்து மறுபடி முளைப்பதையும் பார்த்துவிட்டு, நேராகக் கோனிடம் போய்க் காட்டினார். அவர் ராபர்ட் கோக். வளர்த்தது ஆந்த்ராக்ஸ், அதை நாம் கனவிலும் தொடக் கூடாது. ஆனால் வீட்டில் பாக்டீரியா வளர்த்தவர்களின் பரம்பரை எப்பேர்ப்பட்டது என்று இனி யாராவது முகத்தைச் சுளித்தால் சொல்வதற்கு இந்தக் கதை உதவும். கோக்கின் தொங்கும் துளி இன்றைக்கும் எங்கள் ஆயுதம்: நடுவில் குழி உள்ள ஸ்லைடு, குழியைச் சுற்றி வேசலின், கவர் ஸ்லிப்பில் ஒரு துளி வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால், துளி காயாமல் பல மணி நேரம் நிற்கும்.

பரம்பரையின் முதல் ஆள் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்று நினைத்து, மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். முள் கிடைக்கவில்லை. 1676 ஏப்ரலில் அந்தத் தண்ணீரில் அதுவரை மனிதக் கண் பார்த்திராத அளவுக்குச் சின்ன உயிர்களைப் பார்த்தார். லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் ஹூக் தானும் மிளகுத் தண்ணீர் வைத்துப் பார்த்து, சபைக்குக் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்து ஒரு டம்ளரில் ஊறவைத்தால் அதே காட்சி. முதலில் பாக்டீரியா, சில நாளில் அவற்றைத் தின்ன வரும் ஒருசெல் உயிரிகள், அப்புறம் அவற்றைத் தின்ன வருபவை. மூக்கைப் பொத்திக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

கருவியைப் பற்றிக் கேட்பார்கள். ஹரியானாவின் அம்பாலாவில் தயாராகும் மாணவர் மைக்ரோஸ்கோப்பே போதும், எல்.இ.டி. விளக்கும் 4, 10, 40, 100 என்று நான்கு ஆப்ஜெக்டிவும் இருந்தால் ராஜ வாழ்க்கை. தாளை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் எனக்கு உயிர். ஆனால் அதன் 140 மடங்கு பெரிய உயிர்களுக்குத்தான் சரி, பாக்டீரியாவுக்குப் பற்றாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் 100 ஆப்ஜெக்டிவுக்கும் அதன் எண்ணெய்க்கும் பறக்கிறார்கள். பறக்க வேண்டாம். பாக்டீரியா தெரியாமல் போவதற்குக் காரணம் பெருக்கம் குறைவு அல்ல, வெளிச்சம் கூடுதல். கண்டென்சருக்குக் கீழே இருக்கும் கதவை மெல்ல மெல்ல மூடுங்கள். வெறும் வெளிச்ச வட்டமாக இருந்த இடத்தில் குச்சிகள் கருக்கத் தொடங்கும். இன்னும் ஆசை இருந்தால், கறுப்புத் தாளில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக வட்டம் வெட்டிக் கண்டென்சருக்கு அடியில், வெளிச்சத்தின் நடுவை மறைக்கிற மாதிரி வையுங்கள். பின்னணி கறுத்துப்போகும். பாக்டீரியாக்கள் வெள்ளியாக ஜொலிக்கும். காசில்லாமல் கிடைக்கிற இவ்வளவு பெரிய அழகு வேறு எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு முதல் அங்கீகாரம் தந்தது தயிர். அத்தைக்கு எதிர் வீட்டு உறைமோர்தான் ஒசத்தி, நான் வாங்கும் பாக்கெட் தயிர் மட்டம். வழக்கு என் மேஜைக்கு வந்தது. இரண்டிலிருந்தும் தெளிந்த நீரில் ஒவ்வொரு துளி எடுத்துத் தண்ணீர் விட்டு இளக்கி, ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் மூன்று தடவை காட்டி, மெத்திலீன் புளூவில் முக்கிக் கழுவினேன். மெத்திலீன் புளூவுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். வண்ணமீன் கடையில் மீனுக்கு மருந்தாக விற்கிறார்கள். 1000 மடங்கில் நீலம் பாய்ந்து நின்றார்கள்: மணி மணியாகக் கோத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நீண்ட குச்சியாக லாக்டோபாசில்லஸ். இந்தக் குச்சியைத்தான் 1905இல் ஸ்டாமென் கிரிகோரொவ் என்ற பல்கேரிய மாணவர் ஜெனிவாவில் தன் ஊர்த் தயிரிலிருந்து பிரித்தெடுத்தார். பால் உறையும்போது மணிகள் முந்திக்கொள்ளும். புளிப்பு ஏற ஏறக் குச்சிகளின் கை ஓங்கும். எதிர் வீட்டுத் தயிரில் குச்சிகள் மண்டிக் கிடந்தன, நடுநடுவே கொழுகொழுவென்று ஈஸ்ட்டும்.

"அது ரொம்பப் புளிச்சது அத்தை, பாருங்க" என்றேன்.

அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "நாக்குல வச்சாலே தெரியும்லா? இதுக்கு இம்புட்டு பெரிய கண்ணாடியா?" என்றாள். ஆனால் மறுநாள் அவளே ஒரு கரண்டி இட்லி மாவோடு வந்து நின்றாள்.

இட்லி மாவு ஒரு தனி உலகம். அரைத்தவுடன் ஒரு துளி பாருங்கள்: கோணல்மாணலாகச் சின்னச் சின்ன அரிசி மாவுமணிகள், கொஞ்சம் பெரிய உளுந்து மணிகள், பாக்டீரியா தேடினாலும் அரிது. விடிகாலையில் பொங்கிய மாவில் இன்னொரு துளி பாருங்கள். மாவுமணிகளுக்கு இடையே ஜோடி ஜோடியாகவும் குட்டிச் சங்கிலிகளாகவும் உருண்டைகள் குவிந்திருக்கும். இவற்றில் முக்கியமானவர் லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ். மாவை உப்பவைக்கும் வாயு இவருடைய உபயம். ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவுமணிகள் எல்லாம் கருநீலமாகி ஒதுங்க, பாக்டீரியா தனியே தெரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தயிரிலும் மாவிலும் இவர்கள் துடிப்பது நீச்சல் இல்லை. தண்ணீரின் மூலக்கூறுகள் மோதி மோதித் தள்ளுகிற நடுக்கம் அது. தூசிகூட அப்படித்தான் ஆடும். நின்ற இடத்திலேயே ஆடினால் நடுக்கம். பக்கத்தில் இருப்பவனைத் தாண்டி எங்கோ போனால்தான் நீச்சல். வைக்கோல் துளியையும் தயிர்த் துளியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

சாயம் போடும் ஆசை வந்துவிட்டால் விடாது. 1884இல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த முறையை அடுப்படி மேடையிலேயே செய்யலாம். வாய்ப்புண்ணுக்கு மருந்துக் கடையில் தரும் ஜென்ஷியன் வயலட், அப்புறம் அயோடின், அப்புறம் ஸ்பிரிட்டில் ஒரு கழுவல், கடைசியில் சஃப்ரனின். தயிர்க்காரர்கள் ஊதாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். குளத்துத் தண்ணீர் ஆட்கள் பலர் அதை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாக நிற்பார்கள். தன் முறை குறைபாடு உள்ளது என்று கிராமே எழுதினார். நூற்று நாற்பது வருஷமாக உலகத்து ஆஸ்பத்திரிகள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

தட்டில் வளர்ப்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. படம் எடுக்கத் தட்டு அழகு. மைக்ரோஸ்கோப்புக்குத் துளிதான் அழகு. இருந்தாலும் கடல்பாசியிலிருந்து வரும் அகர் இல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. கோக்கின் கூட்டத்தார் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லையில் வளர்த்தார்கள், பிறகு ஜெலட்டினில். ஜெலட்டின் சூட்டில் உருகித் தொலைத்தது; சில பாக்டீரியா அதையே தின்றும் தீர்த்தது. 1881இல், கோக்கிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான், தன் அடுப்படியில் ஜெல்லி கெட்டியாக நிற்கப் போட்டுவந்த அகரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவந்த அறிமுகக்காரர்களிடம் அவர் கற்ற சமையல் ரகசியம் அது. அந்த யோசனை நுண்ணுயிரியலையே மாற்றியது. ஆனால் தட்டுக்கு 1887இல் ஜூலியஸ் பெட்ரியின் பெயர் வந்ததுபோல, அகருக்கு ஃபேனியின் பெயர் வரவில்லை. கடல்பாசிப் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரத்துப் பெண்கள் முங்கி முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகர் செய்யத்தான் போகிறது என்பதும் கூடவே நினைவு வரும்.

அந்த அகரைக் கொண்டு செய்யும் ஒரு வேலைக்கு ஈடு இணை இல்லை. வைக்கோல் கஷாயத்தில் துளி சர்க்கரையும் அகரும் கரைத்துக் காய்ச்சி, ஸ்லைடின் மேல் மெல்லிசாக ஊற்றி உறையவிடுங்கள். சதுரமாக ஒரு துண்டு விட்டு மற்றதைச் சுரண்டி எடுத்து, அதன் மேல் சின்னத் துளி கஷாயம், மேலே கவர் ஸ்லிப், ஓரமெல்லாம் வேசலின். அகரில் பதிந்ததால் பாக்டீரியா ஓட முடியாது. ஒரே ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். எங்கள் திருநெல்வேலி வெயிலுக்கு இன்குபேட்டர் தேவையில்லை. குச்சி நீளும். இன்னும் நீளும். நடுவில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மெல்லிய கோடு. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடு தெளிவாகிவிட்டது. இரண்டு பேர்! இரண்டும் நீளும், இரண்டிலும் கோடு விழும். நான்கு பேர் சங்கிலியாக வளைந்து நெளிந்து ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். பாடப் புத்தகத்தில் "இரு பிளவு முறை" என்று ரெண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தது இதைத்தானா என்று என் மகள் கேட்டாள். இதைத்தான்.

இப்போது கண்டிப்பான பேச்சு. கழிப்பறைக் கைப்பிடி, செல்போன், ரூபாய் நோட்டு, புண், மூக்கு, தொண்டை எதையும் தடவித் தட்டில் வளர்க்காதீர்கள். அது வீரம் இல்லை, முட்டாள்தனம். அப்படி வருகிறவர்கள் நம் உடம்புச் சூட்டில் வாழப் பழகினவர்கள். ஒன்றிரண்டாக இருக்கும்போது சும்மா இருந்தவர்களைக் கோடியாக்கிப் பார்ப்பதில் பெருமை என்ன? இறைச்சி, முட்டை ஊறிய திரவமும் வேண்டாம். தயிர், மாவு, வைக்கோல், மிளகு, குளத்துச் சேறு: இதிலேயே ஒரு ஆயுளுக்குப் பார்க்க இருக்கிறது. சமையல் பாத்திரம் வேறு, இந்தப் பாத்திரம் வேறு. கை கழுவாமல் எழுந்திருக்காதீர்கள். பார்த்து முடித்ததைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கொட்டுங்கள். அல்லது இதற்கென்றே ஒதுக்கிய பழைய பிரஷர் குக்கரில் 20 நிமிஷம் அவித்துவிடுங்கள். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி. வைக்கோல் வித்தும் தப்பாது. ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவ் செய்வது அதுவேதான்.

இனி வினோகிராட்ஸ்கி. 1856இல் கீவில் பிறந்தவர், பியானோ படிக்க இசைக் கல்லூரியில் சேர்ந்து, அதை விட்டுவிட்டு அறிவியலுக்கு வந்தவர். பாக்டீரியாவைத் தட்டில் சிறைவைக்காமல், சேற்றோடு சேறாக, அதன் சொந்த ஊரிலேயே பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அவர் பெயரில் இன்றும் வழங்கும் வினோகிராட்ஸ்கி தூணை எந்த வீட்டிலும் செய்யலாம். உயரமான கண்ணாடிக் குப்பி. குளத்துக் கரைச் சேற்றோடு கிழித்த செய்தித்தாள், பொடித்த முட்டை ஓடு, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்துப் பிசைந்து அடியில் அடைக்க வேண்டும். மேலே வெறும் சேறு, அதற்கு மேலே குளத்துத் தண்ணீர். வாயை லேசாக மூடி, வெளிச்சம் வரும் ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள், நாற்றம் அப்படி. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அடிச்சேறு முதலில் மையாகக் கறுக்கும். சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிட, அது இரும்போடு சேர்ந்ததால் வந்த கறுப்பு. அப்புறம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணாடி ஓரமாகப் பச்சைத் திட்டு, அதற்கு மேலே ஊதாத் திட்டு, இன்னும் மேலே துருச் சிவப்பு. ஆக்சிஜன் கீழே இல்லை, மேலே இருக்கிறது. கந்தகம் கீழே மிகுதி, மேலே குறைவு. அவரவருக்குத் தோதான உயரத்தில் அவரவர் உட்கார்ந்துகொள்கிறார்கள். நாம் ஒரே பந்தியில் எத்தனை வரிசை இலை போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் தெரியும்.

ஊதாத் திட்டில் ஒரு சொட்டை உறிஞ்சி வைத்தால் குரோமேஷியம் வகைப் பாக்டீரியா கிடைக்கும். வைக்கோல்காரர்கள் இவற்றுக்கு முன்னால் தூசு. தடித்த உடம்பு, இளஞ்சிவப்பு நிறம், உள்ளே முத்து முத்தாகக் கந்தக உருண்டைகள் மின்னும். இவற்றை வைத்து 1883இல் தியோடர் எங்கல்மன் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். விளக்கின் மேல் ஊசித்துளை போட்ட கறுப்புத் தாளை வைத்து, ஸ்லைடில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி மட்டும் விழும்படி கண்டென்சரைச் சரிசெய்யுங்கள். புள்ளிக்குள் தற்செயலாக நுழைகிறவர்கள் நுழைவார்கள். வெளியேறப் போகும்போது, இருட்டின் விளிம்பில் கால் பட்டதும், சட்டென்று பின்வாங்கிவிடுவார்கள். திரும்புவதில்லை, அப்படியே ரிவர்ஸ் கியர்! உள்ளே வரத் தடையில்லை, வெளியே போகத்தான் மனசில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாளை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஊதாக் கூட்டம் வட்டமாக மொய்த்திருக்கும். எங்கல்மன் முப்பட்டகத்தால் நிறங்களைப் பிரித்துப் போட்டபோது, மனிதக் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் அகச்சிவப்பிலும் அவை கூடின. நமக்குத் தெரியாத வெளிச்சத்தில் குளிர்காய்கிற உயிர்!

சேற்றின் மேல் சில சமயம் வெள்ளைப் பஞ்சாகப் படர்வது பெக்கியாட்டோவா. நீள இழைகள், இழை முழுக்கக் கந்தக மணிகள், வழுக்கி வழுக்கி நகரும். 1880களில் ஸ்ட்ராஸ்பர்க்கில் வினோகிராட்ஸ்கி இதை ஸ்லைடிலேயே வளர்த்து, கந்தகத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊட்டிப் பார்த்தார். ஊட்டினால் மணிகள் பெருகின, நிறுத்தினால் கரைந்தன. வெளிச்சம் இல்லாமல், கனிமத்தை எரித்தே உயிர் வாழ முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தது ஸ்லைடைப் பார்த்துத்தான்.

எனக்கு இப்போது பைத்தியம் பிடித்திருப்பது காந்தப் பாக்டீரியாவின் மேல். 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் அறிவித்த இந்த உயிர்களின் உடம்புக்குள் மேக்னடைட் துகள்கள் வரிசையாக இருக்கின்றன. காந்தப் புலத்தின் கோட்டோடு நீந்துகின்றன. செய்முறை கேளுங்கள். குளத்துச் சேற்றை மூன்றில் ஒரு பங்கும் குளத்துத் தண்ணீரை மீதியும் ஒரு ஜாடியில் நிரப்பி, மங்கலான இடத்தில் வாரக்கணக்கில் அசைக்காமல் வையுங்கள். பிறகு சேற்று மட்டத்துக்குச் சற்று மேலே ஜாடியின் வெளிப்புறத்தில் காந்தத்தை ஒட்டவைத்து ஒரு மணி நேரம் விட்டு, காந்தத்துக்கு நேர் உள்ளே இருக்கும் தண்ணீரை இங்க் ஃபில்லரால் உறிஞ்சுங்கள். துளியை ஸ்லைடில் வைத்து, மேடையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வையுங்கள். பொட்டுப் பொட்டாகப் பாக்டீரியா வரிசை கட்டி ஒரே திசையில் போய்த் துளியின் விளிம்பில் குவியும். காந்தத்தைத் திருப்புங்கள்: கூட்டம் மொத்தமும் அரை வட்டம் அடித்துத் திரும்பிப் போகும். மறுபடி திருப்புங்கள். என் மகள் துளி காயும்வரை திருப்பிக்கொண்டே இருந்தாள்.

வட கோளத்தில் பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குள் சாய்ந்து இறங்குகின்றன. அதனால் வடக்கு நோக்கி நீந்துகிறவர்கள் கீழே சேற்றுக்குப் போய்ப் பிழைக்கிறார்கள். தென் கோளத்தில் தெற்கு நோக்கிகள். காந்த நடுக்கோட்டில் கோடுகள் படுத்துக் கிடப்பதால் எந்தக் கட்சிக்கும் ஆதாயமில்லை. அந்தக் கோட்டை அப்போது ஒட்டியிருந்த பிரேசிலின் ஃபோர்டலேசாவில் இரண்டு கட்சியும் கலந்து கிடப்பதை 1981இல் வெளியிட்டார்கள். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டியும் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பது அதற்காகத்தான். எங்கள் குளத்துச் சேற்றில், காந்தத்தை வைத்ததும் துளியின் இரண்டு கரையிலும் கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் அத்தை எழுந்து வந்துவிட்டாள். டெல்லியிலோ சண்டிகரிலோ இருக்கிறீர்களா? இன்றைக்கே யமுனையோ ஏரியோ, ஒரு ஜாடிச் சேறு எடுத்து வையுங்கள். உங்கள் துளியில் ஒரே கரையில்தான் கூடுகிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.